கலியாண நாளைக் குறிப்பது யார்?

(மேலூரில் மார்கழி மாதத்தில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் பேசியதன் சாரம்)



இன்று இங்கு நடைபெற்ற வாழ்க்கை ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கணவன் மனைவியை எப்படி நடத்த வேண்டும், மனைவி கணவனிடம் எப்படிச் சமமாக நிற்க வேண்டும் என்பவற்றையெல்லாம் முன் பேசிய தோழர்கள் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்கள். அதையே நாமும் திருப்பிச் சொல்லி உங்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவதில் நமக்கு இஷ்டமில்லை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தபோது நமக்குத் தோன்றிய ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் உங்கள் யோசனைக்கு விட நினைக்கிறோம்.

இந்தப் பந்தலில் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். துபாயிலே வேலை செய்கிற பெண்ணின் தாய்மாமன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிப் பல தேசங்களிலிருந்தும் ஒரு குடும்பத்தார் ஒன்றாகக் கூடி, ஒரே பந்தியில் உட்காருவது என்பது நம் பக்கத்துக் கலியாணங்களில் எளிதில் காணக்கூடிய காட்சி அல்ல. இது எப்படி முடிந்தது? ஒரே காரணந்தான். இந்தக் கலியாணத்துக்கு நாள் வைக்கும்போது இந்த வீட்டார் ஜோசியரைக் கேட்கவில்லை; "உங்களுக்கு எப்போது லீவு?" என்று உறவினர்களைக் கேட்டார்கள். வந்த பதில் டிசம்பர் மாதக் கடைசி. டிசம்பர் மாதக் கடைசி என்றால் மார்கழி. "மார்கழியிலா கலியாணம்!" என்று இந்த ஊரில் சிலர் மூக்கில் விரலை வைத்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமையாகிறது.

பஞ்சாங்கம் தள்ளிய மாதங்கள்

தோழர்களே! பஞ்சாங்கக்காரர் கலியாணத்துக்கு ஆகாது என்று முதலில் தள்ளுவது ஆடியும் மார்கழியும். புரட்டாசியைப் பலர் தள்ளுகிறார்கள். மீதி மாதங்களிலும் அஷ்டமி, நவமி, கரிநாள் என்று கழித்து, செவ்வாயையும் சனியையும் கழித்து, தேய்பிறையையும் முடிந்த மட்டும் கழித்து, கடைசியில் பெண் பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் பொருந்தவில்லை என்று இன்னும் சிலதைக் கழித்தால், மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். அந்த நாளிலே மேலூரிலும் மதுரையிலும் உள்ள மண்டபங்கள் அத்தனையும் நிரம்பி வழிகின்றன. சமையற்காரர் கிடைக்கமாட்டார். வேன் கிடைக்காது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலே மல்லிகைப்பூ கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். புரோகிதரோ ஒரே காலையில் மூன்று வீட்டுக்கு ஒப்புக்கொண்டு, ஒரு வீட்டில் பாதி மந்திரத்தை விழுங்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். "நல்ல நாள்" என்பதன் அனுபவ அர்த்தம் இதுதான்: எல்லாச் சாமானும் விலையேறுகிற நாள்.

இனி வெளிநாட்டில் இருப்பவர்களின் லீவைப் பாருங்கள். இங்கிலாந்திலே பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு முடிய. அரபு நாடுகளிலே வெயில் கொடுமையினால் பள்ளிகளை மூடுவதும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். அது நமக்கு ஆடி. சிங்கப்பூரிலே பள்ளிகளுக்கு ஆண்டு விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடிய. கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் ஒட்டி உலகம் முழுவதும் ஆபீசுகள் லீவு விடுவதும் அப்போதுதான். அது நமக்கு மார்கழி. ஆக, நம் சொந்த ஜனங்கள் பெண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வரக்கூடிய இரண்டு காலங்கள் எவையோ, அந்த இரண்டையும் பார்த்துத்தான் பஞ்சாங்கம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது! தை பிறந்ததும் கதவு திறக்கிறது. அப்போது அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆடியை ஏன் தள்ளினார்கள் என்று கேட்டால், கொஞ்சம் யோசிக்கிற பெரியவர்களே ஒரு காரணம் சொல்லுகிறார்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்றபடி அது விதைக்கிற காலம். வயலை விட்டுவிட்டுக் கலியாணத்துக்கு அலையக் கூடாது. கையில் காசும் இருக்காது. ஆடியிலே கருவுற்றால் சித்திரைக் கத்திரி வெயிலில் பிரசவமாகும் என்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். இந்தக் காரணங்களில் நட்சத்திரம் எங்கே இருக்கிறது? கிரகம் எங்கே இருக்கிறது? வேலையையும் பணத்தையும் உடம்பையும் பார்த்து, அன்றிருந்த மக்கள் தங்கள் சௌகரியத்துக்காகச் செய்து கொண்ட ஏற்பாடு என்றல்லவா ஆகிறது? அன்றைய மக்கள் தங்கள் வேலையைப் பார்த்து நாள் வைத்தார்கள் என்றால், துபாயிலே கட்டடம் கட்டுகிறவன் தன் வேலையைப் பார்த்து நாள் வைத்தால் மாத்திரம் அது எப்படித் தோஷமாகும்?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். மதுரையிலே தமிழ் பேசுகிற குடும்பமும் தெலுங்கு பேசுகிற குடும்பமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. தெலுங்குப் பஞ்சாங்கப்படி ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் சிராவண மாதம் பிறந்துவிடும். அது கலியாணத்துக்கு உகந்த மாதம். தமிழ்ப் பஞ்சாங்கப்படி அது இன்னும் ஆடி. ஆகவே ஆகாத மாதம். ஒரே தெரு, ஒரே வானம், ஒரே சூரியன், ஒரே சந்திரன். இந்த வீட்டுக்கு ஆகாத நாள் எதிர் வீட்டுக்கு எப்படி ஆகிறது? புதுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் அதே ஆடி மாதத்தில்தான் பெரிய பந்தல் போட்டு மொய் விருந்து நடத்துகிறார்கள். பணம் வாங்குவதற்கு ஆடி ஆகும். பெண்ணும் பிள்ளையும் சேர்வதற்கு மாத்திரம் ஆகாது! இங்கிலாந்திலோ ஜூலையும் ஆகஸ்டும் கலியாணம் மிகுந்த மாதங்கள். ஆடிக் கலியாணம் குடும்பத்தைக் கெடுக்கும் என்றால், அந்தத் தேசம் எப்போதோ அழிந்து போயிருக்க வேண்டாமா?

இராகு காலத்துக்கு எத்தனை கடிகாரம்?

மாதம் போகட்டும், நேரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை இராகு காலம் என்று எல்லாக் காலண்டரிலும் அச்சடித்திருக்கிறது. ஞாயிறு மாலை 5 மணிக்கு மேலூரில் ஒருவர் "பெண் பார்த்து முடிந்தது" என்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் துபாயில் இருக்கும் மைத்துனருக்கும் ஒரே சமயத்தில் போன் போட்டுச் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலூரில் இராகு காலம் நடக்கிறது. சிங்கப்பூரில் அப்போது மணி 7.30, இராகு காலம் முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. துபாயில் மணி 3.30, இராகு காலம் இன்னும் பிறக்கவே இல்லை. ஒரே பேச்சு, ஒரே நிமிஷம். இராகு எந்த ஊரில் இருக்கிறார்?

சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் 1982 ஜனவரி 1-ந் தேதி பிறந்தபோது சர்க்கார் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டது. இலங்கையிலே 1996-ல் மணியை முன்னே தள்ளி, பிறகு 2006-ல் பழையபடி பின்னே இழுத்துக் கொண்டார்கள். இராகுவும் கூடவே முன்னும் பின்னும் நகர்ந்தாரா, அல்லது அவருக்கு அரசாங்க உத்தரவு போய்ச் சேரவில்லையா?

இதற்குப் பதிலாகக் கெட்டிக்கார ஜோசியர்கள், "காலண்டரில் உள்ளது பொதுக் கணக்கு, சரியான இராகு காலம் அந்தந்த ஊர் சூரிய உதயத்திலிருந்து பகலை எட்டாகப் பங்கிட்டுப் பார்க்க வேண்டும்" என்பார்கள். அப்படியானால் இத்தனை காலமும் சுவரில் மாட்டி, அதைப் பார்த்து நல்ல காரியங்களைத் தள்ளிப் போட்ட காலண்டர் பொய் என்று அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். அதோடு, நார்வே தேசத்தின் வடகோடியிலே ஈழத் தமிழர்கள் மீன் ஆலைகளில் வேலைக்குப் போய்க் குடியேறினார்கள். அங்கே கோடையில் பல வாரங்கள் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. குளிர்காலத்தில் பல வாரங்கள் உதிப்பதே இல்லை. உதயமே இல்லாத நாளில் எதை எட்டாகப் பங்கிடுவது? அங்கேயும் தமிழர் வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், படிக்க வைத்தார்கள். கேடு ஒன்றும் வந்துவிடவில்லை.

கடல் தாண்டினால் ஜாதி போன காலம்

தோழர்களே! இந்த நாள் பார்க்கிற சாஸ்திரத்துக்கு மூத்த அண்ணன் ஒன்று இருந்தது. கடல் தாண்டினால் தோஷம் என்பது அது. காந்தியார் 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து புறப்பட்டபோது பம்பாயில் அவர் ஜாதியார் கூட்டம் கூடி அவரை ஜாதிக்குப் புறம்பாக்கினார்கள். அவருக்கு உதவி செய்கிறவனுக்கும் வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று தீர்மானித்தார்கள். திரும்பி வந்த பிறகு நாசிக்கில் முழுக்குப் போட்டுப் பரிகாரம் செய்து, ஜாதி விருந்தும் வைக்க வேண்டியிருந்தது. நம் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போகுமுன் அவர் வீட்டில் கிளம்பிய தடையும் இதுவே.

சாஸ்திரம் இப்படிச் சொல்லிக் கொண்டிருந்த அதே காலத்தில் நம் ஏழை மக்கள் என்ன செய்தார்கள்? வயிறு சொன்ன சாஸ்திரத்தைக் கேட்டார்கள். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தெற்கத்திச் சீமை பட்ட பாட்டை நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொன்னதுண்டு. கப்பல் ஏறி மலேயா ரப்பர்க் காட்டுக்கும், இலங்கைத் தேயிலைக் காட்டுக்கும், பர்மாவுக்கும் போனார்கள். 1926-ல் ஓடத் தொடங்கி 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த "ரஜுலா" கப்பலின் பெயர் பல குடும்பங்களில் இன்னும் வழங்குகிறது. ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பிரயாணம். அதன் பிறகு ரயில், அதன் பிறகு மாட்டு வண்டி. தங்கைக்குக் கலியாணம் என்று கடிதம் போய்ச் சேருமுன் இங்கே தாலி ஏறிவிடும். அந்தக் காலத்தில் அண்ணன் இல்லாமல் கலியாணம் நடந்தது என்றால் அது கப்பலின் குற்றம் என்று ஆறுதல் சொல்லலாம்.

இன்று அப்படியா? 2012-ல் மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் பறக்க ஆரம்பித்தது. திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் நான்கு மணி நேரம். இறங்கினால் துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி வழியாக நல்ல ரஸ்தா நேரே மேலூருக்குக் கொண்டு வந்து விடுகிறது. காலையில் அங்கே பலகாரம் தின்றவன் இரவு இங்கே சாப்பிடலாம். கடலைக் குறுக்கிவிட்டோம், தூரத்தை ஒழித்துவிட்டோம். இவ்வளவு செய்தும் அண்ணனைத் தங்கையின் கலியாணத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது எது? ஒரு ரூபாய்க் கடலை மடிக்கக்கூட உதவாத பழைய பஞ்சாங்கத்தின் ஒரு தாள்!

வராத தாய்மாமன்

நம் மதுரைச் சீமையிலே தாய்மாமன் இல்லாமல் ஒரு நல்ல காரியம் உண்டா? காது குத்தினாலும் அவர் மடி வேண்டும். பெண் பெரியவளானாலும் அவர் குச்சு கட்ட வேண்டும். கலியாணத்துக்கு அவர் சீர்த் தட்டு வந்து இறங்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர் அரபு தேசத்தில் லேபர் கேம்பிலே, ஓர் அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேராய்ப் படுத்துக் கொண்டு, அந்தச் சீருக்காகவே சம்பாதித்துக் கொண்டிருக்கிறார். பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு டிக்கெட் கொடுக்கின்றன. அவருக்கு லீவு ஜூலையில் என்று எழுதியாகிவிட்டது. இங்கே ஜோசியர் ஆவணியில் நாள் குறிக்கிறார். நாற்பது நாளைக்கு முன்னே சேதி போகிறது. மேலதிகாரி லீவை மாற்ற மாட்டேன் என்கிறான். முடிவு என்ன? அவருடைய பணம் வருகிறது; அவர் வாங்கித் தந்த நகை வருகிறது; அவர் பெயர் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருகிறது; அவர் மாத்திரம் வருவதில்லை. யாரோ ஒரு பையன் தூக்கிப் பிடித்த செல்போனில், கெட்டிமேளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமல், தான் தோளில் தூக்கி வளர்த்த பெண்ணின் கலியாணத்தை அவர் அழுதுகொண்டே பார்க்கிறார். பெற்ற தகப்பனே இப்படிப் பார்த்த வீடுகளும் இந்தத் தாலுகாவில் உண்டு.

இப்படி ஒருவரை அழ வைத்துத்தான் "சுப" முகூர்த்தம் நடக்க வேண்டுமா என்று கேட்கிறோம். இன்னும் சிலர் கடன் வாங்கி, கடைசி நேரத்தில் இரட்டை விலைக்கு டிக்கெட் எடுத்து, முதலாளியிடம் பேச்சு வாங்கி, மூன்று நாள் தங்கிவிட்டு ஓடுகிறார்கள். அந்தக் கடனை அடைக்க அவர்கள் அங்கே எத்தனை மாதம் வேலை செய்ய வேண்டும் என்று நாள் குறித்தவர் கணக்குப் பார்த்தாரா? அவருடைய பஞ்சாங்கத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அழகர் கதை

மேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பக்கத்திலிருக்கும் அழகர் கோயிலிலிருந்து சித்திரை மாதந்தோறும் அழகர் மதுரைக்குப் புறப்பட்டுப் போகிறாரே, அந்தக் கதை என்ன? தங்கை மீனாட்சியின் கலியாணத்துக்கு அண்ணன் சீர் எடுத்துக்கொண்டு போகிறார். தூரமோ சுமார் 20 கிலோமீட்டர். வைகை ஆற்றுக்குள் கால் வைக்கும்போது கலியாணம் முடிந்துவிட்டது என்று சேதி வருகிறது. அண்ணன் வருகிற வரையில் காத்திருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டு, ஊருக்குள் போகாமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிப் போய்விடுகிறார். இதைப் பார்க்க லட்சோபலட்சம் ஜனங்கள் ஆற்றில் நெரிகிறீர்களே, இந்தக் கதையைக் கேட்டு ஒருவராவது யோசித்ததுண்டா? சர்வ சக்தியுள்ள சாமி என்கிறவருக்கே, 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியவில்லை. கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறவன் எப்படி வந்து சேருவான்? அண்ணன் வராமல் முடித்த கலியாணம் மனஸ்தாபத்தில் முடியும் என்று உங்கள் கதையே சொல்லுகிறதே!

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மீனாட்சி கலியாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது என்றும், 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்றும் இந்த ஊர்ப் பக்தர்களே வரலாறு சொல்லுகிறார்கள். ஜனங்கள் கூடுவதற்குச் சௌகரியமாக இருக்கும் என்று அம்மன் கலியாண மாதத்தையே ஒரு மனிதர் மாற்றினார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டு இத்தனை நூற்றாண்டாகக் கொண்டாடுகிறார்கள். மனிதர் கூடுவதற்காகச் சாமி கலியாணத்தை மாற்றலாம். மனிதர் கூடுவதற்காக மனிதர் கலியாணத்தை மாற்றக் கூடாதா?

பணக்காரனுக்கு ஒரு சாஸ்திரம்

இப்போது பெரும் பணக்காரர்களிடம் புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சொந்த ஊரில் கலியாணம் செய்யாமல், பாலித் தீவு, தாய்லாந்து என்று வெயிலும் கடற்கரையும் உள்ள தேசங்களுக்கு உறவினர்களை விமானத்தில் அழைத்துக்கொண்டு போய் அங்கே கலியாணம் செய்கிறார்கள். 2023 நவம்பரில் இந்நாட்டுப் பிரதம மந்திரியே வானொலியில் இதைக் குறிப்பிட்டு, வெளிநாட்டுக்குப் போய் ஏன் கலியாணம் செய்கிறீர்கள், உள்நாட்டில் செய்யுங்கள் என்று கேட்டுக் கொள்ளும்படி ஆயிற்று. அவர்கள் பணம், அவர்கள் செலவு; நமக்கு அதில் வழக்கில்லை. ஆனால் அங்கே நாள் வைப்பது யார்? ஓட்டலில் அறை காலியாக இருக்க வேண்டும். மழை பெய்யாத மாதமாக இருக்க வேண்டும். விருந்தினருக்கு லீவு இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்து வந்த பிறகு அதற்குள் ஒரு முகூர்த்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது ஜோசியர் வேலை. அவரும் தவறாமல் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். கடல் தாண்டினால் ஜாதி போகும் என்று சொன்ன புரோகிதமோ, இப்போது அதே கடலைத் தாண்டிப் போய் மந்திரம் சொல்லிவிட்டு வருகிறது. பணம் உள்ளவனுக்காகச் சாஸ்திரம் வளைகிறது; ஏழையை மாத்திரம் வளைக்கிறது. இதுதான் அதன் யோக்கியதை.

சட்டம் என்ன சொல்லுகிறது?

"நாள் பார்க்காமல், மந்திரம் சொல்லாமல் செய்தால் கலியாணம் செல்லுமா? நாளைக்கு விசாவுக்கு ஒத்துக் கொள்வார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதைத் தொடர்ந்து எத்தனையோ ஆயிரம் நடந்தன. பிடிவாதமாக இராகு காலத்திலும் ஆடியிலும் மார்கழியிலும் நடத்திக் காட்டினார்கள். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1967-ல் அண்ணா அவர்களின் மந்திரிசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்றுக்கொண்டதாகத் தெரிந்த பாஷையில் சொன்னாலும் போதும். மாலை மாற்றினாலும் போதும். மோதிரம் போட்டாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். 2023 ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணத்தை ஊரறியப் பகிரங்கமாகத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாலும் முகூர்த்தம் என்றோ, இராகு காலம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

சட்டம் கேட்பது ஒன்றுண்டு. அதை மாத்திரம் நம்மவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். 2009-ம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி எந்த மதத்தார் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை பதினைந்து நாள் லீவில் வந்து, நல்ல நேரம் நிமிஷ சுத்தமாகப் பார்த்துத் தாலி கட்டிவிட்டு, பதிவு செய்யாமல் விமானம் ஏறிவிட்டால், பெண்ணின் கதி என்ன? பின்னால் தகராறு வந்தால் முகூர்த்த நேரமா வந்து சாட்சி சொல்லும்? பதிவுச் சீட்டுதான் சொல்லும். மணமக்கள் வெவ்வேறு மதத்தார் என்றால் 1954-ம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீசு கொடுத்த பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆகையால் இரண்டு வார லீவில் வந்து முடித்துவிடலாம் என்று இருக்கக் கூடாது. எண்ண வேண்டிய நாட்கள் இவைதான், அஷ்டமி நவமியல்ல.

செய்ய வேண்டியது

கடைசியாக, இங்கே கூடியிருப்பவர்களுக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது சிலவே. உங்கள் வீட்டில் அடுத்த கலியாணம் நிச்சயமாகும்போது ஜோசியர் வீட்டுப் படியை மிதிக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் போன் போடுங்கள். யார் யாருக்கு எப்போது லீவு, எந்தப் பிள்ளைக்கு எப்போது பரீட்சை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் உண்மையான பஞ்சாங்கம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ முன்னதாகவே நாளைச் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை நிதானமாக வாங்கட்டும். நாலு பேருக்கு ஒத்துவராத நாள் என்றால், யார் இல்லாமல் இருக்கவே முடியாதோ அவருக்கு ஒத்த நாளை வையுங்கள்.

வருகிறவர்களையும் மனிதராகப் பாருங்கள். கோடாலித் தைலம் எங்கே, சோப்பு எங்கே, சென்ட் எங்கே என்று பெட்டியைத் துழாவாதீர்கள். மொய் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எத்தனை சைபர் என்று பார்த்து அவர் அன்பை அளக்காதீர்கள். அவர் வந்ததே மொய். அங்கே எத்தனை மணி நேரம் வேலை, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டிலுள்ள வயதானவர்கள் வருத்தப்படுவார்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். பாட்டியிடம் போய், "ஆத்தா, தையிலே வைத்தால் மாமா வரமாட்டார், மார்கழியிலே வைத்தால் வருவார். உனக்கு நாள் வேணுமா, மகன் வேணுமா?" என்று மாத்திரம் கேளுங்கள். எந்தத் தாயும் பஞ்சாங்கத்தைப் பெற்றெடுத்தவள் அல்ல; மகனைப் பெற்றெடுத்தவள். அவள் பதில் என்னவென்று நமக்குச் சந்தேகமில்லை.

மணமக்கள் இருவரும் ஒருவருக்கொருவர் உற்ற தோழர்களாய் வாழ வேண்டுமென்றும், இந்த வாரத்துக்குள்ளாகவே பதிவு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்ளுகிறோம்.